கப்பலுக்கு வைத்த பரஸ்தானம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, தப்பா நெனைக்காதீங்க, ரெண்டாவது தடவையா உங்க மேல சாஞ்சுட்டேன். ரயில் இன்னும் கெளம்பலதான், தெரியுது. எனக்குத்தான் ஆடுது. மயக்கமெல்லாம் இல்ல. கப்பல்ல போயிட்டு வர்றேன்! ஆமா, கப்பல். உள்ள பத்து மாடி, லிப்ட்டு, நீச்சல் குளம். கடலுக்கு நடுவுல எதுக்குடி நீச்சல் குளம்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. அவருக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி. அதோ, அந்தக் கடைசி சீட்டுல பேப்பரை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர்தான். புள்ளைங்க ரெண்டும் அவர் பக்கத்துல. எனக்கு அங்க எடம் இல்லையான்னு கேட்டேன், நீ பேச்சுத் துணையோட உக்காந்து வான்னு இங்க அனுப்பிட்டாரு. என் மேல அவ்வளவு அக்கறை.

எவ்வளவு ஆச்சுன்னு கேளுங்களேன். சும்மா கேளுங்கம்மா. ஒண்ணுமே இல்ல! நாலு பேரு, ரெண்டு ராத்திரி, அறை, சாப்பாடு, ஆட்டம் பாட்டம், எல்லாமே பாயிண்ட்டுல போனது. வரி மட்டும் கட்டுனோம். அப்புறம் துறைமுகக் கட்டணம்னு ஒண்ணு. அப்புறம் கப்பலுக்குன்னு நாலு சக்கரப் பெட்டி, ஆளுக்கு மூணு செட் துணி, எனக்கு ஒரு கூலிங் கிளாஸ். அதெல்லாம் செலவுல சேராது. அதுக்கும் பாயிண்ட் விழுந்துச்சே!

பாயிண்ட்டுன்னா தெரியும்ல? கார்டு தேய்க்கிறோம்ல, தேய்க்கத் தேய்க்க விழும். சேர்த்து வச்சா பிளேனுக்கு மாத்திக்கலாம், ஓட்டலுக்கு மாத்திக்கலாம், கப்பலுக்கு மாத்திக்கலாம். எது எதுக்கு மாத்துனா லாபம்னு நான் ரெண்டு வருஷமா படிச்சேன். பத்தாவதுக்குக் கூட அப்படிப் படிக்கல. ஆனா நம்ம வீட்டு அரிசி பருப்புக்குத் தேய்ச்சு எப்பக் கப்பல் ஏறுறது? பேரன் பேத்தி எடுத்துருவேன். அதனால என்ன பண்ணேன், ஊராரு செலவையும் நான் தேய்ச்சேன். நீங்க காசை எங்கிட்ட குடுங்க, நான் என் கார்டுல தேய்க்கிறேன், அவ்வளவுதான். யாருக்கும் நட்டமில்ல.

எதிர்வீட்டு அண்ணன் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேர்ந்தாரு. எல்லாரும் ஆப்பிள் வாங்கிட்டுப் போனாங்க. நான் கார்டு எடுத்துட்டு ஓடுனேன். பாவம், அவங்க பொண்டாட்டி கையில பணத்த வச்சுக்கிட்டு நின்னுது. அத வாங்கிக்கிட்டு நான் தேய்ச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு ஸ்டென்ட் வைக்கணும்னு டாக்டர் சொன்னப்ப மனசார வருத்தப்பட்டேன். அப்புறம் ரெண்டு வைக்கணும்னாரு. அதுக்கும் வருத்தப்பட்டேன். இப்பல்லாம் எங்க தெருவுல யாரும் பெரிய சாமான் வாங்குறத எங்கிட்டச் சொல்றதே இல்ல. என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுங்கிற நல்ல எண்ணம்தான்.

எனக்குப் பாயிண்ட் மேல ஆசையே கிடையாதும்மா. குடும்பத்தோட ஒரு தடவ கப்பல்ல போகணும், அவ்வளவுதான்.

மேகலா பத்திச் சொல்லணும். மேகலா என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. ஒரே வீடு, நாங்க கீழ, அவங்க மேல. தனி அடுப்பு, தனி மீட்டர், தனி சிலிண்டர். பிரிச்சது நான்தான், ஆனா சண்டை போட்டுப் பிரிக்கல. பிரிச்சப்புறம்தான் நானும் அவளும் அப்படி ஒட்டிக்கிட்டோம். சாயங்காலம் அவ வேலை முடிஞ்சு வந்ததும் படிக்கட்டுல உக்காந்தா, எதுக்குன்னே தெரியாம சிரிச்சுக்கிட்டு இருப்போம். ஒரு தடவ சிரிச்சு சிரிச்சு நான் படியில இருந்து சறுக்கி விழுந்து, அதுக்கும் சிரிச்சோம்.

அவ தங்கச்சிக்குக் கல்யாணம் வந்துச்சு. நான் விடுவேனா! நகைக்கு என் கார்டு, பட்டுக்கு என் கார்டு, மண்டபத்துக்கு, சமையலுக்கு, மேடைப் பூ அலங்காரத்துக்கு வரைக்கும் என் கார்டு. தங்கத்துக்கு எந்தக் கார்டுல பாயிண்ட் உண்டு, எதுல இல்லன்னு எனக்குத்தான் தெரியும், அதனால நகைக்கடைக்கு அவங்களுக்கு முன்னாடி நான் போயி நிப்பேன். அவ அம்மா, "உங்க அக்கா கல்யாண வீட்டுக்காரங்களா, கடைக்காரங்களா?"ன்னு கேட்டாங்களாம். பாராட்டித்தான் கேட்டிருப்பாங்க. சம்பந்தி விருந்து முடியறதுக்குள்ள எனக்குக் கப்பல் வந்துருச்சு. முக்காவாசி அந்த ஒரு கல்யாணத்துலயே ஏறுன பாயிண்ட்டு.

குடும்ப அறைக்கு நாலு பேருதாம்மா கணக்கு. நான் என்ன பண்றது? நாங்க நாலு பேரு. போட்டுட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் படிக்கட்டுல அவ பையன் வந்து, "பெரியம்மா, நம்ம எப்ப கப்பலுக்குப் போறோம்?"னு கேட்டான். நாங்க மட்டும்தான்டான்னு சொன்னேன். அவன் உள்ள போயிட்டான். மேகலா என்னைப் பார்க்காம கேட்டா, "எங்க வீட்டுக் கல்யாணத்துல வந்த பாயிண்ட்டுதானேக்கா?"

அவ்வளவுதான் கேட்டா. எனக்கு வந்துச்சே கோவம்! பால் உங்க வீட்டுதா இருக்கலாம், உறை ஊத்துனது நானில்லையா, தயிரு யாரோடதுன்னு கேட்டேன். பாலு இல்லாம எதுல உறை ஊத்துவீங்கன்னு கேட்டா. எழுந்து மேல போயிட்டா. அதோட பேச்சு நின்னுது. பதினோரு மாசம். அன்னிக்குக் கோவத்துல போன்ல அவ பேர எடுத்து எதையோ அமுக்குனேன். எதை அமுக்குனேன்னு கேக்காதீங்க, என்னமோ ஆயிருச்சு. படியேற மாட்டேன்னு மட்டும் முடிவு பண்ணேன். அந்தப் பதினோரு மாசமும் மொட்டை மாடியில துணி காயப்போடக் கூட போகலம்மா. வீட்டுக்குள்ளயே கொடி கட்டிக் காயப்போட்டேன். ஐப்பசி கார்த்திகை மழையில எங்க வீட்டுக்காரர் ஈரப் பனியனோட ஆபீஸ் போனாரு. அவருக்கு அது குளிர்ச்சியா பிடிச்சிருந்துச்சு போல.

சரி, கப்பலுக்கு வர்றேன். வியாழக்கிழமை மத்தியானம் சென்னையில ஏறணும். புதன்கிழமை திருச்சியில ரயிலேறணும். புதன்கிழமை வடக்கே சூலம்! எப்படிக் கிளம்புறது? அதுவும் தண்ணி மேல போற பயணம். நல்லவேளையா பரஸ்தானம்னு ஒண்ணு இருக்கே. உங்க பக்கம் உண்டா? நல்ல நாள்ல, நல்ல நேரத்துல, நம்ம பயணச் சாமான் ஒண்ணைக் கொண்டுபோயி இன்னொருத்தர் வீட்டுல வச்சிட்டா, அப்பவே பயணம் கிளம்பிட்டதாக் கணக்கு. அப்புறம் எந்தக் கிழமை வேணும்னாலும் அத எடுத்துக்கிட்டுப் போலாம். எல்லாரும் ஒரு துண்டு, மஞ்சள், வெத்தலை பாக்குன்னு வைப்பாங்க. எனக்குத்தான் மூளை அதிகமாச்சே. எது இல்லன்னா பயணமே இல்லையோ அத வச்சாத்தானே பயணத்துக்குப் பலம்? நாலு பேரோட ஆதார் கார்டையும், கப்பல் அனுமதிச் சீட்டையும் மஞ்சள் துணியில சுத்தி ஒரு பையில போட்டேன்.

யாரு வீட்டுல வைக்கிறது? எதிர்வீட்டுல கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. பக்கத்து வீட்டுல பிரசவத் தீட்டு. அதுக்கடுத்த வீடு தெக்கால இருக்கு, நாம போறது வடக்க. எங்க வீட்டுக்காரர் மெதுவா, "மேல வைக்கலாமே, தனி அடுப்புதானே, அதுவும் இன்னொரு வீடுதானே"ன்னாரு. யோசிச்சுப் பார்த்தேன். மேகலா மேலதான் கோவம், சாஸ்திரத்து மேல இல்லையே. நீங்களே கொண்டுபோய் வைங்கன்னேன். திங்கக்கிழமை காலையில கொண்டுபோய் வச்சிட்டு வந்தாரு. அவ பூஜை அறையில எடம் ஒதுக்கிக் கோலம் போட்டு வச்சாளாம். நான் கேக்கல. அவராச் சொன்னாரு. எந்த மாதிரி கோலம்னு மட்டும் கேட்டேன்.

புதன்கிழமை கிளம்புறோம். ஆட்டோ வந்து நிக்குது. மேகலா பால்கனியில நிக்கிறா, அவ பையன் கைய ஆட்டுறான். நான் நிமிர்ந்தே பார்க்கல. பார்க்காம எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, தெரியும். ஆட்டோ கெளம்பிருச்சு.

பையா? அதத்தான் சொல்ல வர்றேன். நான் படியேற மாட்டேன்னு இவருக்குத் தெரியும்ல, அதனால அவர்தான் போயி எடுத்துட்டு வந்திருப்பாருன்னு நான் நெனச்சேன். அவரு என்ன நெனச்சாராம், இவ்வளவு தூரம் போறா, போயிட்டு வர்றேன்னு சொல்ற சாக்குலயாவது இவளே மேல போயி எடுத்துப்பா, நாம குறுக்க போகக் கூடாதுன்னு நெனச்சாராம். இவரை யாரு நெனைக்கச் சொன்னது?

துறைமுக வாசல்ல நிக்கிறோம். புள்ளைங்க கப்பலோட மேல் பக்கத்தப் பார்த்துட்டுக் குதிக்குதுங்க. நானும் குதிக்கிறேன். அந்த மேஜையில இருந்த பொண்ணு "அடையாள அட்டை"ன்னு கைய நீட்டுது. நான் இவரைப் பார்க்கிறேன். இவரு என்னைப் பார்க்கிறாரு. அம்மா, அந்த நிமிஷம் எங்களுக்குப் பதினஞ்சு வருஷக் கல்யாண வாழ்க்கையில வராத ஒத்துமை வந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "பரஸ்தானம்"னோம். அந்தப் பொண்ணு, அது எந்த மாநில அட்டை மேடம்னு கேக்குது.

போன்ல இருக்கிற படத்தக் காட்டுனேன், அசல்தான் வேணும்னுட்டாங்க. ரெண்டு மணிக்கு வாசல அடச்சிருவோம்னாங்க. பாயிண்ட்டு திரும்ப வராது. என் பொண்ணு அழ ஆரம்பிச்சிருச்சு. இவரு அவரோட போனைத் தேடுறாரு. லீவுன்னா ஆபீஸ்ல கூப்பிடுவாங்கன்னு அணைச்சுப் பெட்டிக்கு அடியில போட்டிருக்காரு. என் கையில என் போன் இருக்கு. அவ பேரு அதுல இருக்கு. பதினோரு மாசம் தொடாத பேரு. நான் கூப்பிட மாட்டேன்னேன். இவரு அழுவுற பொண்ணைக் கையப் பிடிச்சு எனக்கு நேரா நிக்க வச்சாரு.

அமுக்குனேன். முழுசா ஒரு மணி கூட அடிக்கல, எடுத்துட்டா. "அக்கா, செங்கல்பட்டு தாண்டிட்டேன்க்கா. பை எங்கிட்டதான் இருக்கு. அழுவாதீங்க."

நான் அழுவல்லாம் இல்லம்மா. நல்ல வெயில், கண்ணு கூசுச்சு. கூலிங் கிளாஸ் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு.

அன்னிக்கு விடியக்கால வெளக்கேத்தப் போனவ பையப் பார்த்திருக்கா. பரஸ்தானத்தப் பிரிக்கக் கூடாதுல்ல, மேலாகத் தடவிப் பார்த்திருக்கா, கார்டு தட்டுப்பட்டிருக்கு. உடனே எனக்கு அடிச்சிருக்கா. போகல. திரும்பத் திரும்ப அடிச்சிருக்கா. போகவே இல்ல. ஏன் போகலன்னு அவளுக்குப் புரிஞ்சிருக்கும். புரிஞ்சதுக்கப்புறமும் பஸ் ஏறியிருக்கா.

கிளாம்பாக்கத்துல இறங்கி ஆட்டோ பிடிச்சு வந்தா. வாசல அடைக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆட்டோவுல இருந்து குதிச்சு ஓடி வர்றா. வீட்டுல கட்டுற நைலக்ஸ் புடவை. கால்ல என் கொழுந்தனோட செருப்பு, அவ பாதத்துக்குப் பாதி மிச்சமா நிக்குது, டப்பு டப்புன்னு ஓடி வர்றா. காய்கறிக்காரன்கிட்டப் போகவே பொட்டைத் திருத்திக்கிட்டுப் போறவம்மா அவ. பக்கத்துல வந்து பைய நீட்டுனா. நான், "குடுக்காத!"ன்னு கத்திட்டேன். வாசல்ல இருந்த போலீஸ்காரரே திரும்பிப் பார்த்தாரு.

எங்க பக்கம் அப்படி ஒரு வழக்கம்மா. பரஸ்தானத்த நாமளா எடுத்துக்கணும். வச்ச வீட்டுக்காரங்க கையால வாங்குனா அந்தப் பயணம் அவங்களுக்குப் போயிரும்பாங்க. எனக்கு அந்த நேரத்துல வாயில அதுதான் வந்துச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு ஒருத்தி நிக்கிறா, நான் அவளப் பார்த்துக் குடுக்காதங்கிறேன். அவளுக்கும் வழக்கம் தெரியும். பைய அங்க இருந்த சிமெண்டுத் திண்டுல வச்சா. நாலடி பின்னால போயி நின்னா. "எடுத்துக்கங்கக்கா. உங்க பயணம் உங்களுக்குத்தான்"னா.

எடுத்தேன். ஓடுனேன். வாசல அடச்சுட்டாங்க. அவ அந்தப் பக்கம்.

அட, கப்பலப் பத்திச் சொல்லலயே! ஐயோ, அதையெல்லாம் பார்க்கணும் நீங்க. சாப்பாடு வரிசையா வச்சுக்கிட்டே போறான், தட்டு நெறஞ்சாலும் வரிசை முடியல. எங்க பையன் ஐஸ்கிரீம் மெஷின் பக்கத்துலயே குடியிருந்தான். சுவத்துக்குள்ள இருந்து ஒரு கட்டில் இறங்குது, கூரையில இருந்து ஒரு கட்டில் இறங்குது. காபி மட்டும் தனிக்காசு, அத அந்தக் கப்பல் கார்டுல தேய்க்கச் சொன்னாங்க, பாயிண்ட் உண்டான்னு கேட்டேன், அந்தப் பையன் சிரிச்சான். சாயங்காலம் அறைக்கு வந்தா படுக்கை மேல ஒரு யானை! அறை சுத்தம் பண்ற பையன் துண்டுலயே மடிச்சு, தும்பிக்கையெல்லாம் வச்சு, என் கூலிங் கிளாஸை எடுத்து அதுக்கு மாட்டி விட்டிருக்கான்! எனக்கு வந்துச்சு பாருங்க சிரிப்பு, "இங்க பாருடி மேகலா"ன்னு பக்கத்துல திரும்பிட்டேன். இவரு நிக்கிறாரு. "துண்ட இப்படிக் கசக்கி வச்சா எப்படித் தொடைக்கிறது?"ங்கிறாரு.

அதுக்கப்புறம் சிரிப்பு நின்னு போச்சும்மா.

மேல் தளத்துக்குப் போயி நின்னேன். பாட்டு போடுறாங்க, எல்லாரும் ஆடுறாங்க, என் புள்ளைங்களும் ஆடுதுங்க. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஆனா எதப் பார்த்தாலும் இத அவகிட்டச் சொல்லணும், இத அவகிட்டச் சொல்லணும்னே ஓடிக்கிட்டு இருக்கு. போன்ல சிக்னலும் இல்ல. உங்ககிட்டச் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. அன்னிக்கு அந்தப் பைய நான் கையாலயே வாங்கியிருக்கணும். பயணம் அவளுக்குப் போயிருந்தாப் போயிருக்கட்டுமே! அவ புள்ளையும்தானே கேட்டான், நம்ம எப்பப் போறோம்னு.

மன்னிப்பா? எதுக்கும்மா மன்னிப்பு? நான் என்ன தப்பு பண்ணேன்? உறை ஊத்துனது நான்தானே. நீங்களும் எங்க வீட்டுக்காரர் மாதிரியே பேசுறீங்க. அவரும் கப்பல்ல இறங்குனதுல இருந்து இதையே வேற வேற மாதிரி சொல்லிட்டு வர்றாரு. நான் வேற வழி வச்சிருக்கேன். ஊருக்குப் போனதும் மொத வேலை, மேகலா பேர்லயே ஒரு கார்டு வாங்கணும். என் பேர்ல இல்ல, அவ பேர்ல. பாயிண்ட்டு அவ கணக்குலயே ஏறணும். தேய்க்கிறது மட்டும் நான். அவளுக்கு எந்தக் கடையில எது தேய்க்கணும்னு தெரியாது, பாவம். ஒரு வருஷத்துல அவங்க குடும்பத்தையே கப்பல்ல ஏத்திருவேன். நாங்க கரையில நின்னு கையாட்டுறோம், என்ன போச்சு?

அது சரி, நீங்க எதுக்குத் திருச்சி போறீங்க? பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கவா? அம்மா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நகையெல்லாம் எடுத்தாச்சா? மண்டபத்துக்கு முன்பணம்தானே குடுத்திருக்கீங்க, மீதி இருக்குல்ல? ஒரு பத்து நாள் பொறுப்பீங்களா? கல்யாணத்தத் தள்ளி வைக்கச் சொல்லல, பட்ட மட்டும் தள்ளி வைங்க. கார்டு வந்துரும். அடடே, எங்க எந்திரிக்கிறீங்க? பாத்ரூம் அந்தப் பக்கம் இருக்கு. இந்தப் பைய ஏன் கையோட தூக்குறீங்க, நான் பார்த்துக்குறேன், உக்காருங்க.

ஒரு நிமிஷம் இருங்க, போன் அடிக்குது. அவதான். எங்க வீட்டுக்காரர் இன்னிக்குக் காலையில என் போன வாங்கி எதையோ சரி பண்ணிக் குடுத்தாரு, அதுல இருந்து அவளோட மணி வருது.

சொல்லுடி. ம்ம், ஏறிட்டோம். இப்பத்தான் வண்டி நகருது. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, வந்து சொல்றேன், ஒரு யானை கதை இருக்கு. சாப்பாடா? உனக்கு எதுக்குடி கஷ்டம், நாங்க வழியில ஏதாவது... முருங்கைக்கா சாம்பாரா? சரி வை. இல்ல, கீழ குடுத்து அனுப்பாத. அவரையும் கூப்பிடாத. நான் வர்றேன். ஆமா, நான்தான், மேல வர்றேன், நானே படியேறி வர்றேன். என்னடி சத்தத்தையே காணோம்? மேகலா? ஏய், அழுவாத. இந்தா, நான் ஒண்ணு கேக்கணும் உன்ன, மறைக்காமச் சொல்லு. அன்னிக்கு அவ்வளவு தூரம் பஸ்ல வந்தியே, ஏதாவது சாப்பிட்டியாடி?